கூப்புக் களத்தில் நின்ற வண்டி

என் கணவருக்குச் சயரோகம் என்று தெரிந்தபோது எனக்கு இருபத்துநான்கு வயது. அவருக்கு முப்பது நடந்துகொண்டிருந்தது. அறுபதுகளின் தொடக்கம். பண்ணைக்காட்டுப் பக்கமிருந்து ஆரஞ்சும் மலைவாழையும் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் மண்டிக்கு வரும் லாரியை அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி ஐந்து வருடம் ஆகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்த வருத்தம் ஒன்றுதான் வீட்டில் இருந்தது. இருமல் வந்த பிறகு அதை யாரும் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து என்னிடம்தான் காட்டினார். என் கணவரைப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள்.

"ரெண்டு மாசம் தினமும் ஊசி. அப்புறம் மாத்திரையும் பொட்டலமும். ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். உடம்பு தேறிடுச்சுன்னு நடுவுல நிறுத்தினா நோய் திரும்பி வரும். அப்ப இதே மருந்து கேக்காது. புரியுதாம்மா?"

புரிகிறது என்றேன். மலைக்காற்று நல்லது என்கிறார்களே என்று கேட்டேன். டாக்டர் இளவயதுக்காரர். "காத்து எங்க இருந்தாலும் காத்துதான். மருந்துதான் வைத்தியம். வீட்டுலயே இருந்து சாப்பிடட்டும்" என்றார். அந்தப் பேச்சை எங்கள் தெருவில் ஒருவரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. நெஞ்சு நோய்க்கு மலைதான் மருந்து என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள்.

ஊசி போட்ட இரண்டு மாதமும் எப்படியோ ஓடியது. பொட்டலம் தொடங்கியதும்தான் வீடு நரகமானது. முழுங்கக்கூடிய மெல்லிய மாவுத்தாளில் மடித்த வெள்ளைத் தூள் அது. தண்ணீரில் நனைத்து அப்படியே முழுங்க வேண்டும். ஒரு வேளைக்கு நான்கைந்து. முழுங்கிச் செத்த நேரத்தில் வயிறு புரட்டும். தின்ற சோறு அப்படியே வெளியே வந்துவிடும். லாரிச் சக்கரத்தை ஒற்றை ஆளாகக் கழற்றி மாட்டுகிறவர், ஒரு தம்ளர் கஞ்சியைக் கண்டு பயந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

நாங்கள் இருந்தது ஐந்து குடித்தனம் சேர்ந்த வளவு. நடுவில் ஒரு கிணறு. ஒரு நாள் காலையில் கிணற்றடிக்குப் போனபோது எங்களுக்கென்று தனியாக ஒரு பழைய கயிறும் தகர வாளியும் வைத்திருந்தார்கள். என் மாமியார் தன் தட்டையும் தம்ளரையும் எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது என்னைப் பார்த்து, "நீ வந்த நேரம்" என்று மட்டும் சொன்னார்.

வத்தலக்குண்டில் பஸ் மாறி இரண்டு பேரும் ஒரு தடவை மலைக்குப் போனோம். லாரிக்குப் பழம் கொடுக்கும் ஒருவர் தன் தோட்டத்து அறையைத் தருவதாக முன்பே சொல்லியிருந்தார். வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கையில் என் கணவருக்கு இருமல் வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தோட்டக்காரர் இரண்டடி பின்னால் போனார். "பிள்ளைகுட்டி இருக்கிற வீடு. தப்பா நினைக்காதீக" என்றார். அடுத்த பஸ்ஸுக்கு மூன்று மணி நேரம் இருந்தது. ரோட்டோரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தோம்.

என் கணவருக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர். வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். நான் அவரை அண்ணே என்றும் அவர் என்னைத் தங்கச்சி என்றும் கூப்பிடுவோம். அந்தத் தோட்டத்துக் கதையை அவரிடம் சொன்னேன்.

"எவன் வீடும் வேணாம் தங்கச்சி. வீட்டையே கட்டி மேல கொண்டு போயிருவோம்" என்றார்.

பட்டறைக்குப் பின்னால் பழைய பட்டாளத்து ஆம்புலன்ஸ் வண்டி ஒன்று நின்றது. உலகச் சண்டை முடிந்து ஏலம் விட்டபோது யாரோ எடுத்து, கை மாறிக் கை மாறி அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது. மூன்று வாரத்தில் அதை அவர் வீடாக்கினார். ஒரு பக்கம் நீளமாகப் பலகைக் கட்டில். எதிர்ப்பக்கம் மடக்கி வைக்கும் பலகை. விரித்தால் நான் படுத்துக்கொள்ளலாம். டாக்டர் தனித்தனியாகப் படுக்கச் சொல்லியிருந்தார். கதவோரம் தகரம் அடித்த மேடை, அதில் மண்ணெண்ணெய் ஸ்டவ். மேலே குழாய் வைத்த தண்ணீர் டிரம். பாத்திரம் உருளாமலிருக்கச் சட்டம் போட்ட பலகைத்தட்டு. ஜன்னலுக்குப் பச்சைத் துணியில் திரை. என் கணவர் பட்டறை வாசலில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, "ஏலே, அந்த ஆணி பத்தாது. மலை ஏறுறப்ப பிடுங்கிக்கும்" என்று யோசனை சொல்லிக்கொண்டிருப்பார். வாந்தி எடுத்தாலும் எழுந்து அங்கே போய்விடுவார்.

மாசிக் கடைசியில் புறப்பட்டோம். அண்ணன் ஓட்டினார். நான் பின்னால் அரிசி, பருப்பு மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தேன். மருந்துப் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, மலை தொடங்கும் இடத்தில் என் கணவர் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"எறங்கு. இனிமே நான் ஓட்டுறேன்."

"வேணாம்டா. கொண்டை ஊசி அம்புட்டும் இருக்கு. ஓன் உடம்புக்கு ஆகாது."

"என் ரோட்டுல என்னைய உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போவியா நீ?"

அண்ணன் இறங்கி மறுபக்கம் போய் உட்கார்ந்தார். ஒவ்வொரு வளைவிலும் கியர் மாற்றும்போது என் கணவருடைய தோள் எலும்பு சட்டைக்குள் ஏறி இறங்குவதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டு வந்தேன். எதிரே வந்த பழ லாரிக்காரர்கள் அவரை அடையாளம் கண்டு ஹாரன் அடித்தார்கள். அவரும் அடித்தார். பாதி மலையில் ஓரங்கட்டி நிறுத்தி, கதவைத் திறந்து வெளியே குனிந்து துப்பினார். சாரல் விழுந்த கல்லில் சிவப்பாகக் கிடந்தது. கைக்குட்டையால் வாயைத் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினார். நாங்கள் மூன்று பேருமே அதைப் பார்த்தோம்.

பண்ணைக்காட்டுப் பாதையில் பிரிந்து, காட்டுக்குள் வண்டித்தடத்தில் இரண்டு மைல் போனால் ஒரு பழைய கூப்புக் களம். முன்பு மரம் வெட்டி அடுக்கி லாரியில் ஏற்றிய இடம். கூப்பு முடிந்து போய், சமதரையில் புல் வளர்ந்திருந்தது. சுற்றிலும் பெரிய மரங்கள். ஒரு பக்கம் ஓடை. அந்த நாளில் அங்கே மரம் ஏற்றப் போய்வந்ததால் அந்தப் பகுதிக் காட்டிலாகா கார்டு என் கணவருக்குப் பழக்கம். வயதானவர், தனியாள். ஓடைக்கு அப்பால் ஒரு கொட்டகையில் இருந்தார். மேலதிகாரியிடம் கேட்டு அனுமதி வாங்கி வைத்திருந்தார். அவர் மட்டும் இருமலைக் கேட்டு விலகவில்லை. பக்கத்தில் வந்து தோளைப் பிடித்து, "என்னப்பு, இப்பிடி ஒடைஞ்சு போயிட்ட?" என்றார்.

அண்ணன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, மழைக்குத் தார்ப்பாய் இழுத்துக் கட்டிவிட்டு, பழ லாரி பிடித்து இறங்கிவிட்டார். பதினைந்து நாளைக்கு ஒரு முறை சாமானும் மருந்தும் கொண்டு வருவதாக ஏற்பாடு.

முதல் வாரம் கஷ்டம்தான். குளிரில் இருமல் கூடியது. பொட்டலத்தை முழுங்குவார், புல்லில் போய் வாந்தி எடுப்பார். காலில் அட்டை ஏறி ரத்தம் குடித்தது. காட்டுமாடுகள் மூன்று களத்தின் ஓரம் வந்து நின்று வண்டியை வெகுநேரம் பார்த்துவிட்டுப் போயின. பயத்தில் நான் ஸ்டவ்வை அணைத்துவிட்டு மூச்சடக்கி உட்கார்ந்திருந்தேன். ஏன் வந்தோம் என்றிருந்தது.

இரண்டாம் வாரத்தில் அவர் பசிக்கிறது என்றார்.

எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டேன்! சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்தேன். தட்டில் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். வாந்தி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. "தொட்டுக்க வெஞ்சனம் ஒண்ணு கூட வையி புள்ள" என்றார். மலைக்காற்று வேலை செய்கிறது என்று நான் ஓடைக்கரையில் நின்று கும்பிட்டேன். கன்னத்தில் சதை பிடித்தது. காலையில் மூடுபனி விலகும் நேரம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்து, லாரியில் போன ஊர்க்கதையெல்லாம் சொல்வார். கல்யாணமான ஐந்து வருடத்தில் அவர் என்னோடு அவ்வளவு பேசியதில்லை. லாரி வந்தால் வருவார், சாப்பிடுவார், படுப்பார், போவார். அங்கேதான் எனக்கு ஒரு புருஷன் இருந்தார் என்று சொல்லவேண்டும். தனிக் கயிறு இல்லை, மாமியார் இல்லை, வளவில் ஜன்னல் சாத்தும் சத்தம் இல்லை. நான் சந்தோஷமாக இருந்தேன். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

மூன்றாம் வாரம் ஒரு மத்தியானம், ஓடையில் நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது கார்டு வந்து கரையில் நின்றார்.

"தாயி, ஒங்கிட்ட ஒண்ணு கேக்கணும். அந்த வெள்ளைப் பொட்டலம் தம்பிக்குக் குடுக்குறதா?"

"ஆமாங்கய்யா. ஏன்?"

"வா, காமிக்கிறேன்."

களத்தின் பின்புறம், வண்டியிலிருந்து பார்க்க முடியாத சரிவில் ஒரு பட்டுப்போன மரம். அடியில் பெரிய பொந்து. அதற்குள் பொட்டலங்கள் குவிந்து, பனியில் ஊறிக் கூழாகிக் கிடந்தன. கூடவே மாத்திரைகளும். ஒன்றிரண்டு நாளில் சேர்ந்தவை அல்ல அவை. அவருக்குப் பசி வந்த நாளிலிருந்து அங்கேதான் போயிருக்கின்றன. தினமும் நான் எண்ணெய் விளக்கைத் துடைத்து வைக்கிற மாதிரி ஒழுங்காக அவர் கையில் கொடுத்ததையெல்லாம், தண்ணீர்த் தம்ளரோடு வெளியே எடுத்துப் போய் இங்கே போட்டிருக்கிறார்.

"பட்டறைக்காரத் தம்பி வந்தாச் சொல்லிரவா? அவுக சொன்னாக் கேப்பான்" என்றார் கார்டு.

எனக்கு அப்போது என்ன தோன்றியதோ அதை அப்படியே எழுதுகிறேன். டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. கூடவே, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த அந்த முதுகும் வந்தது. சொன்னால் அண்ணன் கீழே கூட்டிப் போய்விடுவார். மறுபடி அந்த வளவு, அந்த வாந்தி. மருந்து சாப்பிடாமலே இப்படித் தேறியிருக்கிறாரே, ஒருவேளை மருந்துதான் அவரைக் கெடுத்ததோ?

"வேணாங்கய்யா. நானே பாத்துக்கிறேன். யார்ட்டயும் சொல்லிராதீக" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "ஓம் புருஷன், ஓம் பாடு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அன்று சாயங்காலம் மாத்திரையைக் கொடுக்கும்போது, "இங்கேயே முழுங்குங்க" என்றேன். கை தம்ளரோடு நின்றது. என் முகத்தையே பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இந்தக் கொஞ்ச நாளாவது மனுசனா இருந்துட்டுப் போறேனே" என்றார். கெஞ்சவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

அவர் தம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மறுநாளிலிருந்து கொடுப்பதையும் நிறுத்தவில்லை, கேட்பதையும் நிறுத்தவில்லை. "சாப்ட்டீங்களா?" என்பேன். "ஆச்சு" என்பார். இரண்டு பேரும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு பேசுவோம். மூன்றாம் முறை அண்ணன் வந்தபோது, என் கணவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டு, "மருந்து ஒழுங்கா உள்ள போகுதா தங்கச்சி?" என்று கேட்டார். போகுதுண்ணே என்றேன்.

சித்திரை முடிவில் இறங்கினோம். வழி முழுக்க அவரே ஓட்டினார். வளவில் எல்லோரும் வந்து பார்த்து அதிசயப்பட்டார்கள். "மலைன்னா மலைதான்" என்றார்கள். மாமியார் திரும்பி வந்தார். ஆனி பிறந்ததும் என் கணவர் முதலாளியிடம் போய் நின்று, ஓட்டுவதற்கு லாரியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நான் தடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் தேதியில் ஒவ்வொரு தடவையும் அவர் லோடில் இருந்தார்.

ஆவணியில், ஒட்டன்சத்திரம் ரோட்டில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் சாய்ந்துகிடந்தவரைத் தூக்கி வந்தார்கள். வேட்டியெல்லாம் ரத்தம்.

அதே டாக்டர் புதுப் படத்தையும் பழைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "மருந்தை விட்டாரா?" என்று என்னிடம் கேட்டார். மாமியார் பக்கத்தில் நின்றார். அண்ணனும் நின்றார்.

"இல்லங்கய்யா. ஒழுங்காத்தான் சாப்ட்டாரு."

கட்டிலில் படுத்திருந்தவர் என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். மறுபடி ஊசி தொடங்கினார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. பெருமழைக் காலம் வந்தபோது அவரால் தானாக எழுந்து உட்கார முடியவில்லை. இந்த மருந்து பிடிக்கவில்லையே, காரணம் விளங்கவில்லையே என்று டாக்டர் வாய்விட்டுச் சொன்ன அன்று நான் அவரைத் தாழ்வாரத்தில் மறித்து உண்மையைச் சொன்னேன். மரப்பொந்து, கார்டு, எல்லாவற்றையும்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முதல் நாளே சொல்லியிருந்தா வேற மருந்துக்கு மெட்ராஸுக்கு எழுதியிருப்பேம்மா. கிடைச்சிருக்குமான்னு சொல்ல முடியாது. எழுதியாவது பாத்திருக்கலாம்" என்றார். அன்றே எழுதினார். பதில் வருவதற்குள் மார்கழி பிறந்து, என் கணவர் போய்விட்டார். கடைசி இரண்டு நாள் பேச்சில்லை. அதற்கு முன் ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஒண்ணும் நினைச்சுக்காத புள்ள" என்று மட்டும் சொன்னார். நினைக்காமல் எப்படி இருப்பது?

அண்ணனிடமும் சொன்னேன். என் கணவர் இறப்பதற்கு ஒரு வாரம் முன்னால், ஆஸ்பத்திரி வாசலில். அண்ணன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல. கட்டிப் போட்டாவது முழுங்க வச்சிருப்பேன்ல" என்றார். காரியங்கள் எல்லாவற்றையும் அவர்தான் முன்னின்று செய்தார். ஆனால் அதற்குப் பிறகு என்னைத் தங்கச்சி என்று கூப்பிடவில்லை. அந்த வண்டிக்குள் இருந்த கட்டிலையும் பலகையையும் பிடுங்கி எடுத்துவிட்டு, கருவாடு ஏற்றுகிற ஒருவருக்கு அதைக் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

நான் அகரம் கிராமத்தில் இருந்த என் தாய்வீட்டுக்குப் போனேன். அப்பாவின் பூந்தோட்டத்தில் பறிக்கும் வேலை. ஒன்றரை வருடம் கழித்து எனக்கும் இருமல் வந்தது. எக்ஸ்ரே எடுத்தபோது அதே டாக்டர், அதே ஜன்னல். படத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவர் என் முகத்தைப் பார்த்தார். இந்த முறை விடாமல் சாப்பிடுவேன் என்பதுபோல நான் தலையாட்டினேன்.

திண்டுக்கல்லிலேயே தங்கி மருந்து சாப்பிடச் சொன்னார்கள். ஊர்க்கோடியில் ஒற்றை அறை பிடித்து இருந்தேன். ஊசி முடிந்து பொட்டலம் தொடங்கிய முதல் நாளே அவர் பட்டது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாயில் வைத்த கணமே உடம்பு முழுக்க எதிர்த்தது. குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. இதையா வேளை தவறாமல் அவர் கையில் நீட்டிக்கொண்டிருந்தேன் என்று சுவரில் தலையை வைத்து அழுதேன். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, அந்த வேளைப் பொட்டலங்களை எடுத்துக்கொண்டு பின்பக்கச் சாக்கடை வரை போய்விட்டேன்.

வாசலில் சைக்கிள் மணி கேட்டது. அண்ணன். யார் சொல்லித் தெரிந்ததோ. அப்படியே வாசலுக்குப் போனேன். அவர் உள்ளே வரவில்லை. என் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"தண்ணி எடுத்துட்டு வா" என்றார்.

எடுத்து வந்தேன்.

"முழுங்கு. நான் பாத்துட்டுப் போறேன்."

முழுங்கினேன். குமட்டியது. அவர் சைக்கிளில் சாய்ந்தபடி நின்றார். வாந்தி எடுத்தால் மறுபடி முழுங்க வேண்டும் என்றார். அரை மணி நேரம் நின்று, ஒன்றும் வெளியே வரவில்லை என்று தெரிந்த பிறகு பட்டறைக்குப் போனார். சாயங்காலம் மறுபடி வந்தார்.

பதினான்கு மாதம் அப்படி வந்தார். மழையிலும் வந்தார், அவருடைய கோயில் திருநாளிலும் புதுச்சட்டையோடு வந்தார். நலமா என்று கேட்கமாட்டார். தண்ணீர், பொட்டலம், அரை மணி நேரம், அவ்வளவுதான். பேசுவதற்கு நான் சில தடவை முயன்றேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். மருந்தை நிறுத்தலாம் என்று டாக்டர் சொன்ன அன்று சாயங்காலம் அவரிடம் அதைச் சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் வழக்கமான நேரத்துக்குத் தண்ணீர்த் தம்ளரோடு வாசலுக்கு வந்துவிட்டேன். ரோட்டில் ஒருவரும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அந்தத் தண்ணீரை நானே குடித்தேன்.